அலவாங்கைத் தூர வையுங்கள்

சத்தம் கேட்டதும் அங்கே நின்ற அத்தனை பேரும் குனிந்துவிட்டோம். போர் முடிந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் வன்னியில் பாரமான ஒன்று நிலத்தில் மோதினால் முதலில் வயிறுதான் கேட்கும், காது பிறகுதான்.

பரந்தன் சந்திக்குக் கிட்ட, ஏ-9 வீதியை விட்டுச் சற்று உள்ளே, தகரக் கூரை போட்ட ஒரு களஞ்சியம். சூரிய மின்தகடுகள் பார்க்க நான் போயிருந்த நேரம், பின்பக்கத்தில் போர்க்லிப்ட் வாகனத்துக்குப் பற்றறி மாற்றிக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் ஏற்றி முடித்த பற்றறியை உருளைத் தட்டிலிருந்து இழுத்தபோது தட்டின் ஒரு கால் வழுகிவிட்டது. தொள்ளாயிரம் கிலோ எடை, அரை மீற்றர் உயரம். விழுந்து பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. அடியிலிருந்து நிறமில்லாத நீர் மெதுவாகக் கசிந்தது.

ஒரு பெடியன் அலவாங்கோடு ஓடிவந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் உழவு இயந்திரம் பிரண்டாலும், கிணற்றுக்கட்டு இடிந்தாலும், கல் புரட்டுவதென்றாலும் முதலில் கைக்கு வருவது அலவாங்குதான். கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒரு அக்கா எழுந்து கத்தினார்: “தம்பி, தொடாதை! அது இன்னும் உயிரோட கிடக்குது. எல்லாரும் வெளியால வாங்கோ.”

அந்த அக்கா களஞ்சிய வேலைக்கு வருமுன் முகமாலையில் கண்ணிவெடி அகற்றியவர். விழுந்து கிடக்கும் ஒன்றைப் பார்த்தவுடன் அவர் கேட்ட கேள்வி ‘எப்படித் தூக்குவது’ என்பதல்ல. ‘உள்ளே இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது’ என்பது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

விழுந்ததால் வந்த சக்தியை முதலில் பார்ப்போம். 900 கிலோகிராம் அரை மீற்றர் கீழே வந்தால் ஏறக்குறைய 4,400 யூல். தரையைத் தொடும்போது வேகம் மணிக்குப் பதினொரு கிலோமீற்றர், சைக்கிளை ஆறுதலாக மிதிக்கும் வேகம்தான். ஆனால் சைக்கிள் நிற்க இரண்டு மூன்று மீற்றர் கிடைக்கும். சீமெந்துத் தரையில் இது ஒரு சென்ரிமீற்றருக்குள் நின்றாக வேண்டும். அரை மீற்றரில் சேர்த்த வேகத்தை ஒரு சென்ரிமீற்றரில் இழந்தால், சராசரி விசை தன் எடையைப் போல ஐம்பது மடங்கு. தொள்ளாயிரம் கிலோ, அந்தக் கணநேரம் நாற்பத்தைந்து தொன்னாக நிலத்தை அழுத்துகிறது. உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளும் அதே மடங்கில்தான் ஒன்றை ஒன்று நசுக்குகின்றன.

அந்த 4,400 யூலும் சத்தமாகவும் சூடாகவும் வெடிப்பாகவும் அக்கணமே செலவாகிவிட்டன. செலவாகாதது வேறு. 48 வோல்ற்று, 600 அம்பியர்-மணி பற்றறியில் நிறைந்திருப்பது 28.8 கிலோவாற்று-மணி. மின்சார சபைப் பட்டியலில் முதற்படி 30 அலகு வரை. சிக்கனமான ஒரு குடும்பம் மாதம் முழுவதும் அதற்குள் சமாளிக்கிறது. அந்த ஒரு மாதச் சக்தி, பத்துக் கோடி யூலுக்கு மேல், ஒரு இரும்புப் பெட்டிக்குள் சரிந்து கிடக்கிறது. விழுந்த சக்தியைப்போல இருபதாயிரம் மடங்குக்கும் அதிகம். போதாததற்கு உள்ளே நூறு லீற்றருக்கு மேல் அமிலம். மிகையேற்றத்தில் பிறந்த ஐதரசன் கலங்களின் மூடிக்கடியில் தங்கி நிற்கிறது. இத்தனையும் சத்தமில்லாமல்.

இவ்வளவு பாரமாக ஏன் செய்கிறார்கள் என்று கேட்கலாம். போர்க்லிப்ட் முன்னால் ஒரு தொன் தூக்கினால் பின்னால் பாரம் வேண்டும், இல்லாவிட்டால் வாகனமே மூக்குக் குத்தும். பற்றறி அந்த எதிர்ப்பாரத்தின் ஒரு பங்காகவும் இருக்கிறது. உலகம் முழுக்க எல்லாவற்றையும் மெலிதாக்க ஓடிக்கொண்டிருக்க, ஈயப் பற்றறியின் பாரத்தை இங்கே மட்டும் யாரும் குறையாகச் சொல்வதில்லை.

வன்னிக்குப் பற்றறி புதிதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து, யூரியாவோடு பற்றறியும் உள்ளே வரத் தடைப்பட்ட பொருள். மின்சாரம் இல்லை, பற்றறியும் இல்லை. ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி செய்தி சொன்னது. செத்துப்போன ரோச் பற்றறியை வெயிலில் காயவைத்தோம், ஆணியால் ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விட்டோம், இன்னும் அரை மணித்தியாலம் வேலை செய்தது. பழைய கார்ப் பற்றறி ஒன்று உள்ள வீடு ஊரில் பெரிய வீடு. அதைச் சைக்கிள் கரியரில் கட்டி, ஜெனரேற்றர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிவந்து படம் பார்த்தவர்கள் இதை வாசிப்போரில் இருப்பார்கள். சறத்தில் தெறித்த அமிலத்தை அப்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். தோய்த்துக் காயப்போட்ட பிறகுதான் சல்லடைபோல ஓட்டைகள் தெரியும். நீர் ஆவியாகப் போக, மிஞ்சிய அமிலம் செறிவாகிப் பருத்தி நூலைத் தின்றிருக்கும்.

அந்தக் காலம் எங்களுக்குப் பற்றறிமேல் ஒரு வாஞ்சையைத் தந்தது, அச்சத்தைத் தரவில்லை. கார்ப் பற்றறி பதினைந்து கிலோ. கைதவறினால் கால்விரல் நசுங்கும், அவ்வளவுதான். இன்று ஆடைத் தொழிற்சாலைகளிலும் தொலைபேசிக் கோபுரங்களின் அடியிலும் உபமின்நிலையங்களிலும் நிற்பவை வேறு சாதி. பழக்கம் மட்டும் பழையது.

களஞ்சியத்துக்குத் திரும்புவோம். அக்கா எல்லோரையும் வெளியே எடுத்த பிறகு முதலில் கேட்டது, “சார்ஜர் நிப்பாட்டினதோ?” அடுத்து, பெரிய வாசற்கதவுகள் இரண்டையும் விரியத் திறக்கச் சொன்னார். யாரும் விசிறியின் ஆளியைத் தொடக் கூடாது என்றார். ஆளி போடும்போது உள்ளே ஒரு சிறு பொறி பிறக்கும். அந்தப் பொறியே காணும்.

இந்த இடத்தில் பரந்தனைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1950களில் இங்கே அரசு ஒரு இரசாயனத் தொழிற்சாலை கட்டியது. ஆனையிறவு உப்பைக் கரைத்து, அதில் மின்சாரம் பாய்ச்சி, எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். போர் அதைத் தின்றுவிட்டது. மிஞ்சிய சுவர்களைப் பார்த்தவர்கள் உண்டு. உப்புக் கரைசலில் மின் பாய்ந்தால் ஒரு முனையில் குளோரினும் மறுமுனையில் ஐதரசனும் எழும். பற்றறி நிறைந்த பிறகும் சார்ஜ் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குள்ளும் இதே கதைதான், குளோரினுக்குப் பதில் ஒட்சிசன். கலமொன்றில் இரண்டு வோல்ற்று, ஆக 24 கலங்கள். மிகையாகப் போகும் ஒவ்வொரு அம்பியர்-மணிக்கும் இருபத்துநாலும் சேர்ந்து ஏறக்குறைய 11 லீற்றர் ஐதரசன் விடும். இருபது அம்பியரில் ஒரு மணித்தியாலம் மறந்துவிட்டால் 220 லீற்றர்.

காற்றில் 4 சதவீதம் ஐதரசன் கலந்தாலே தீப்பிடிக்கும். 75 சதவீதம் வரை அந்த அபாயம் நீளும். பெற்றோலுக்குக்கூட இவ்வளவு அகன்ற வீச்சு இல்லை. மணமில்லை, நிறமில்லை. காற்றைவிடப் பதினான்கு மடங்கு இலேசு என்பதால் நிலத்தில் தேங்காது, தகரக் கூரையின் முகட்டில் போய் நிற்கும். நெல் அடுக்கவென்று கட்டிய பழைய களஞ்சியங்களில் மழைத்தூவானம் வரக்கூடாதென்று முகட்டை இறுக்கி மூடியிருப்பார்கள். நெல்லுக்கு அது நல்லது. பற்றறிக்கு முகட்டில் ஒரு திறப்பு வேண்டும். எட்டு அடி உயரத்தில் இருக்கும் யன்னல் எத்தனை இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

இனி அலவாங்கு. மின்வேலை தெரிந்தவர்களே இதில் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 230 வோல்ற்றுக்குப் பயப்படும் மனிதர், 48 வோல்ற்று என்றால் சிரிப்பார். காய்ந்த கையால் தொட்டால் உண்மையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஆபத்து வோல்ற்றில் இல்லை. ஒரு வீட்டின் முழு இணைப்பும் 30 அம்பியர். இந்தப் பற்றறியின் அகத்தடை ஓம் ஒன்றில் நூறில் ஒரு பங்கு அளவுதான். இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு இரும்பு விழுந்தால் கிட்டத்தட்ட 4,800 அம்பியர் பாயும். அலவாங்கு தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், உருகிய உலோகம் தெறிக்கும், அந்தப் பொறி மூடிக்கடியில் நிற்கும் ஐதரசனைத் தேடிப் போகும். வீட்டு மின்சாரத்துக்குப் பிரதான ஆளி உண்டு. பற்றறிக்கு நிறுத்தும் ஆளி கிடையாது. செருகியைக் கழற்றினாலும் முனைகளுக்கிடையில் முழு வோல்ற்றும் நிற்கும்.

ஆகவே மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் எல்லாம் முதலில் கழற்ற வேண்டும். கல்யாண மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்பவரை அந்த வேலைக்கு விடக் கூடாது. தங்கம் அருமையான மின்கடத்தி. விரலோடு சேர்ந்தே சூடாகும். பிறகு, தெரியும் முனைகளைக் காய்ந்த இறப்பர் விரிப்பால் மூட வேண்டும். சாவிகளின் பிடிகள் மின்காப்புச் செய்தவையாக இருக்க வேண்டும். கலம் உடைந்து அமிலம் இரும்புப் பெட்டியை நனைத்திருந்தால் அந்தப் பெட்டியும் சுற்றின் ஒரு பகுதியாகியிருக்கும். பெட்டி வெறும் இரும்புதானே என்று அதில் முழங்கையை ஊன்றக் கூடாது.

சிந்திய அமிலத்துக்கு வருவோம். நிறைய சார்ஜ் உள்ள பற்றறியின் நீரில் எடைப்படி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடச் சல்பூரிக்கமிலம். அப்பச்சோடா போட்டால் அடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு போடுவது என்றுதான் யாருக்கும் தெரியாது. கணக்குப் பார்த்தால் ஒரு லீற்றருக்கு 800 கிராம். அன்று தரையில் பரவியிருந்ததை இருபது லீற்றர் என்று மதித்தோம். பதினாறு கிலோ வேண்டும். சந்திக் கடைக்கு ஆள் அனுப்பினோம். அப்பத்துக்கும் வடைக்கும் வைத்திருந்த சின்னப் பைக்கற்றுகளைக் கடைக்காரர் துடைத்துத் தந்தும் ஒன்றரைக் கிலோ வரவில்லை.

வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நீற்றின சுண்ணாம்பு கைகொடுத்தது. அது லீற்றருக்கு 360 கிராம் போதும், மிஞ்சுவது ஜிப்சம். ஆனால் சுண்ணாம்பும் கண்ணைப் பொசுக்கும், கைநிறைய அள்ளிக் கொட்டினால் சூடும் பறக்கும். நீற்றாத சுண்ணாம்பைத் தப்பித்தவறியும் எடுக்கக் கூடாது. முதலில் சுற்றிவர மணலால் வரம்பு கட்டி, வெளி ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். அப்பச்சோடா என்றால் ஒரு லீற்றர் அமிலம் இருநூறு லீற்றருக்கு மேல் காபனீரொட்சைட்டை நுரைத்துவிடும். அதற்கும் கதவு திறந்திருக்க வேண்டும். நுரைப்பது நின்றால் வேலை முடிந்தது. பாசிச்சாயத்தாள் இல்லாவிட்டால் செவ்வரத்தம்பூவை அவித்த நீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சிவந்தால் இன்னும் அமிலம் உண்டு. உமி கிடைக்கிறதென்று உமியைக் கொட்ட வேண்டாம்; நீர் ஆவியாகும்போது செறிவாகும் அமிலம் அதைக் கருக்கும். கழுவிக் கானில் விடுவது அதைவிட மோசம். எங்கள் கான் எதுவும் கிணற்றிலிருந்து அதிக தூரத்தில் இல்லை, அந்த நீரில் ஈயமும் இருக்கும். ஈயம் குழந்தைகளின் மூளைக்குப் போகும் பொருள்.

உடலில் பட்டால் இந்தச் சோடா வைத்தியம் ஒன்றும் கூடாது. தண்ணீர், தண்ணீர் மட்டும், பதினைந்து நிமிடம். கண்ணென்றால் இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரி.

தூக்கும் கதைக்கு இப்போதுதான் வருகிறோம். மூன்று மணித்தியாலம் கழிந்திருந்தது. முதலாளி இரண்டு தடவை கோல் எடுத்துவிட்டார்.

செயின் புளொக் ஒன்று வந்தது. கொக்கியில் ஒரு பட்டியை மாட்டி, அதன் இரு நுனிகளையும் பெட்டியின் இரு காதுகளிலும் கொளுவித் தூக்குவதுதான் யாருக்கும் தோன்றும் வழி. கோணத்தைக் கவனியுங்கள். இரு பக்கப் பட்டிகளும் நேர்ச்செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றிலும் பாதிப் பாரம், 450 கிலோ. நிலத்தோடு 30 பாகைக் கோணத்தில் சரிந்து நின்றால் ஒவ்வொரு பட்டியிலும் முழுத் தொள்ளாயிரம். அது மட்டுமில்லை. அந்தச் சரிவில் ஒவ்வொரு காதையும் உட்பக்கமாக இழுக்கும் விசை 780 கிலோ எடைக்குச் சமம். நிமிர்ந்து நிற்கும் பற்றறியே அதைத் தாங்காது; விழுந்து வெடித்த பெட்டி முட்டைக்கோதுபோல நொறுங்கும். இரண்டு பேர் ஒரு கிடாரத்தை இரண்டு காதிலும் பிடித்துத் தூக்கும்போது நெருங்கி நிற்பார்கள், கவனித்திருப்பீர்கள். கை எவ்வளவு சரிகிறதோ அவ்வளவு பாரம் கூடும் என்பதை உடம்பு தானாகவே படித்திருக்கிறது.

இதற்காகத்தான் பாரம் தூக்கும் சட்டம் ஒன்று உண்டு: பெட்டியின் நீளத்துக்கு ஒரு உரமான வளை, நடுவில் கொக்கி, இரு நுனிகளிலிருந்தும் பட்டிகள் நேரே கீழே இறங்கும். உள்ளிழுப்பை வளை வாங்கிக்கொள்ளும், பெட்டிக்கு மேல்நோக்கிய இழுப்பு மட்டும் மிஞ்சும். வளை மின்காப்பு உறை போட்டதாக இருந்தால் நல்லது. பட்டியும் பார்த்தெடுக்க வேண்டியது. நைலோன் பட்டியை அமிலம் அரிக்கும், பொலியெஸ்ரர் தாங்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். அமிலம் குடித்த நைலோன் அன்று தூக்கிவிடும், அடுத்த கிழமை வேறு பாரத்தோடு அறும்.

பக்கவாட்டில் கிடப்பதை நிமிர்த்துவது நேராகத் தூக்குவதைவிடச் சிக்கல். வரம்பில் பிரண்ட லாண்ட்மாஸ்டரை நிமிர்த்தியவர்களுக்கு அந்தக் கணம் தெரியும். தள்ளு, தள்ளு என்று நாலுபேர் மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்க, திடீரெனப் பாரம் காணாமல் போகும், இயந்திரம் தானாகவே மறுபக்கம் பாயும். புவியீர்ப்பு மையம் கீழ்விளிம்பைத் தாண்டிய கணம் அது. அதுவரை உங்களோடு மல்லுக்கட்டிய ஈர்ப்பு, அதன்பின் உங்களை முந்தி ஓடும். தொள்ளாயிரம் கிலோ அப்படிப் பாய்ந்தால் இரண்டாவது தடவை விழுந்ததற்குச் சமம். ஆகவே தூக்கும் கயிறு ஒன்று, எதிர்ப்பக்கம் பிடித்து விட்டுக்கொடுக்கும் கயிறு ஒன்று. ஒவ்வொரு கை அகலத்துக்கும் கீழே மரக்கட்டை. பாரத்துக்குக் கீழே விரல்கூட இல்லை. கட்டையை நீண்ட தடியால் தள்ள வேண்டும். அன்று பாலைமரக் கட்டைகள் பன்னிரண்டு செலவாயின. நிமிர்த்த எடுத்த நேரம் நாற்பது நிமிடம், தூர நின்று பார்த்தவனுக்கு அலுப்புத் தட்டும் வேலை. கண்ணிவெடி எடுப்பதும் அப்படித்தான் என்றார் அக்கா, “அலுப்பா இருந்தா சரியா நடக்குது எண்டு அர்த்தம்.”

இதுவரை சொன்னது ஈயப் பற்றறி. லித்தியம் என்றால் கதையில் பாதி மாறும். அமிலம் சிந்தாது, வாயு மூடிக்கடியில் நிற்காது, வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாது. உள்ளே தகடுகளைப் பிரிக்கும் மெல்லிய படலம் தலைமயிரைவிட மெலிது. விழுந்த அதிர்ச்சியில் அது ஒரு இடத்தில் கிழிந்தால் அந்தப் புள்ளி சூடாகத் தொடங்கும். சூடு இன்னும் சூட்டைப் பிறப்பிக்கும். அது சில நிமிடத்தில் நடக்கலாம், மறுநாள் நடக்கலாம். ஆகவே விழுந்த லித்தியம் பற்றறியைத் துடைத்துத் தட்டில் திரும்ப வைப்பதுதான் மிகப் பெரிய பிழை. புகையோ சீறலோ சூடோ இல்லாதபோது வெளியே எடுத்து, கட்டடத்துக்கும் வாகனத்துக்கும் தூரமாகத் திறந்த வெளியில் வைத்து நாட்கணக்கில் பார்த்திருக்க வேண்டும். புகை வந்துவிட்டால் ஆட்களை எடுப்பது மட்டுமே வேலை. 2019 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில், புகைந்த ஒரு பற்றறிக் கட்டடத்தின் கதவைச் சில மணித்தியாலம் காத்திருந்த பின்தான் தீயணைப்பாளர்கள் திறந்தார்கள். உள்ளே தேங்கிய வாயு அப்போதும் வெடித்து அவர்களைத் தூக்கி எறிந்தது.

2024 ஜூலை 26 அன்று கலிபோர்னியாவின் பேக்கர் என்ற சிற்றூருக்கு அருகே, லொஸ் ஏஞ்சலிசிலிருந்து லாஸ் வேகாஸ் போகும் பெருந்தெருவில், பெரிய லித்தியம் பற்றறிகள் ஏற்றிய லொறி ஒன்று கவிழ்ந்து தீப்பிடித்தது. கொள்கலனை வீதியோரத்திலிருந்து வெட்டவெளிக்கு நகர்த்தப் பார இயந்திரங்களைக் கொண்டுவந்து பலமுறை முயன்றார்கள். 34 தொன்னுக்கு மேல், அசையவில்லை. பாலைவன வெயிலில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் தேங்க, பாதை ஏறக்குறைய இரண்டு நாள் மூடிக் கிடந்தது. வசதியான நாடொன்றின் வசதியான மாநிலத்தில் இது நடந்தது.

பூநகரியில் 700 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டம் ஒன்றுக்கு 2023இல் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. அதோடு சேர்ந்த பற்றறிச் சேமிப்பு 1,500 மெகாவாற்று-மணி. இன்றைய இருபது அடிக் கொள்கலன் ஒன்றில் மூன்று முதல் ஐந்து மெகாவாற்று-மணி அடங்குகிறது. கணக்குப் போட்டால் முந்நூறிலிருந்து ஐந்நூறு கொள்கலன்கள், ஒவ்வொன்றும் பேக்கரில் கவிழ்ந்ததன் பருமன். அந்தத் திட்டம் நடந்தால், அவற்றை ஏற்றும் லொறிகள் எங்கள் பாலங்களையும் மதகுகளையும் தாண்டித்தான் வர வேண்டும். தொழிற்சாலைகளின் பாதுகாப்புக்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் எங்கள் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். லித்தியம்-அயன் பற்றறி விற்பனைக்கு வந்தது 1991இல்.

அன்றைய பற்றறியில் மூன்று கலங்கள் வெடித்திருந்தன. யாருக்கும் காயமில்லை. ஆனால் வேலை முடிந்து கை கழுவப் போனபோதுதான் ஒன்று தெரிந்தது. பொறி வரக்கூடாதென்று பிரதான ஆளியை நிறுத்தியிருந்தோம். கிணற்று மோட்டாரும் அதோடு நின்றுவிட்டது. மேலே இருந்த தாங்கி காலையிலேயே காலி. யாருடைய கண்ணிலாவது அமிலம் தெறித்திருந்தால், அந்த வளவில் ஒரு வாளி தண்ணீர் இருந்திருக்காது.

கண்ணொன்றைப் பதினைந்து நிமிடம் கழுவ இருபத்தைந்து லீற்றர் போதும்; உடம்பென்றால் அதைப்போலப் பல மடங்கு. உங்கள் களஞ்சியத்திலோ கராஜிலோ பெரிய பற்றறி இருந்தால், அதிலிருந்து பத்து எட்டுக்குள், மோட்டாரை நம்பாத இருநூறு லீற்றர் நீலப் பரல் ஒன்றை மூடியும் குவளையும் வைத்து இன்றைக்கே நிரப்பிவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், நுளம்பு பெருகும்.